நாய் செடியைத் தின்கிறதா? முதலில் வேரடியை மோந்து பாருங்கள்

எங்கள் நாய் கட்டையன் முதலில் கை வைத்தது கத்தரிக் கன்றில். நட்டு நாலு நாள்தான். காலையில் பின்வளவுக்குப் போனால் எட்டுக் கன்றில் ஐந்து மணலில் கிடக்கிறது. ஒன்றின் தண்டு நடுவில் சப்பித் துப்பியிருக்கிறது. கட்டையன் கிணற்றடி நிழலில் படுத்திருக்கிறான், மூக்கு நுனியில் ஈர மணல். கோபத்தில் முதுகில் ஒன்று போட்டேன். அவன் எழும்பி வாலை ஆட்டிவிட்டு என் கையை நக்கினான். நக்கின கையில் மீன் வெடில்.

அந்த வெடிலை அன்றைக்கே யோசித்திருந்தால் இன்னும் பதினொரு கன்று தப்பியிருக்கும்.

நான் இருப்பது இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் ஊர், வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் பேர்போனது. இந்த மணலுக்கு ஒரு குணம்: தண்ணியையும் பசளையையும் பிடித்து வைக்காது, ஊற்ற ஊற்றக் கீழே இறங்கிவிடும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடை செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையைத் தளர்த்தினார்கள் என்றாலும், 2022 நெருக்கடியில் யூரியா எங்களைப் போன்ற வீட்டுத்தோட்டக்காரர் நினைத்துப் பார்க்கிற விலையில் இல்லை. அப்போதுதான் நான் என் பெத்தா, அதாவது பாட்டி, செய்ததைச் செய்யத் தொடங்கினேன். மீன் தலை, செவுள், குடல், இறால் தோல் எல்லாவற்றையும் ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு பிடி புதைத்து, மேலே மண் மூடினேன். கன்று நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் பெத்தா புதைத்தது தென்னைக்கும் வாழைக்கும். அதை எந்த நாய் பிடுங்கும்? நான் புதைத்தது விரல் மொத்தம்கூட இல்லாத கத்தரிக்கு.

ஆக, கட்டையன் கத்தரி தின்னவில்லை. நான் ஒளித்து வைத்த சூடை மீன் தலையைத் தோண்டி எடுத்தான், இடையில் நின்ற செடியைத் தள்ளிவிட்டான். அந்தத் தண்டையும் மீன் நெய் பட்டதால்தான் சப்பிப் பார்த்திருக்கிறான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நாய் தோட்டத்தைக் கெடுக்கிறது என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நாலைந்து வேறு வேறு வேலை, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எனவே வேலி, கம்பி, மருந்து என்று ஓடுவதற்கு முன் ஒரு காலை நேரம் குந்தியிருந்து பாத்தியைப் பாருங்கள். குழி கூம்பாக இறங்கி, மண் பின்பக்கம் எறிபட்டு, செடி வேரோடு கிடந்தால் கீழே ஏதோ மணக்கிறது. குழி அகலமாக, ஆழமில்லாமல், நாய் சுருண்டு படுக்கிற அளவில் இருந்தால் அது குளிர்ச்சி தேடியிருக்கிறது. தண்டு கடிபட்டு நாராகக் கிடந்தால் பல் முளைக்கிற குட்டி, அல்லது பொழுது போகாத நாய். புல் நுனி மட்டும் கத்தரித்த மாதிரிப் போயிருந்தால் அது நாய்க்குணம், விட்டுவிடலாம். சந்தேகமாக இருந்தால் வேரடி மண்ணை ஒரு பிடி எடுத்து நீங்களே மோந்து பாருங்கள். உங்கள் மூக்குக்கே மணந்தால் நாயைக் குற்றம் சொல்லி வேலையில்லை.

மீனில் தொடங்குவோம், எங்கள் பக்கத்தில் பாதித் தொல்லை அதில்தான். இந்த மணலில் ஒரு அடி ஆழம் என்பது நாய்க்கு ஒன்றுமே இல்லை. காலால் நாலு தரம் கிண்டினால் போதும். மீன் கழிவைப் புதைத்தே ஆக வேண்டுமென்றால் செடியடியில் வேண்டாம். வளவின் ஒரு மூலையில் இரண்டடி கிண்டி, கழிவைப் போட்டு, சாம்பலும் காய்ந்த சருகும் தூவி, மண் மூடி, மேலே ஒரு பாரமான கல்லோ உடைந்த சீமெந்துத் துண்டோ வையுங்கள். மூன்று நாலு மாதம் கழித்து அந்த மண்ணை அள்ளிப் பாத்திக்குப் போட்டால் நாய் திரும்பியும் பார்க்காது.

நான் இப்போது செய்வது கரைசல். மீன் கழிவும் அதே எடைக்குச் சர்க்கரையும் (வெள்ளைச் சீனி அல்ல, கட்டிச் சர்க்கரை) மூடியுள்ள வாளியில் போட்டு, நிழலில் மூன்று கிழமை வைக்கிறேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் மூடியைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் மூடி தானாகப் பறக்கும். எனக்குப் பறந்திருக்கிறது. சரியாகப் பதமானால் அழுகின நாற்றம் போய்ப் புளித்த பழ வாசம் வரும். வடித்து, பத்து லீற்றர் தண்ணிக்கு நூறு மில்லிலீற்றர் அளவில் கலந்து, பின்னேரத்தில் வேரடியில் ஊற்றி, மேலே வெறும் தண்ணி இன்னொரு தரம் ஊற்றுங்கள். அந்தக் கடைசித் தண்ணியை மறந்தால் இலையிலும் மேல்மண்ணிலும் வாசம் நின்றுவிடும், நாய் நக்க வரும். வாளியை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. 2022 இல் எனக்குச் சர்க்கரை வாங்க வசதியில்லாமல்தான் தலையைப் பச்சையாகப் புதைத்தேன், அதுதான் இத்தனை கதைக்கும் தொடக்கம்.

எலும்புத் தூளும் கோழி எருவும் இதே கதைதான். மக்காத கோழி எருவை நாய் விரும்பித் தின்னும், தின்று வயிற்றால் போகும். குவித்து மக்க விட்டுப் போடுங்கள். புண்ணாக்கில் ஆமணக்குப் புண்ணாக்கை மட்டும் நாய் உள்ள வளவுக்குள் கொண்டுவராதீர்கள். அது வாசத்தில் இழுக்கும், உள்ளே போனால் நாயின் உயிரையே எடுக்கும்.

இனி என் பெரிய கெட்டித்தனத்தைச் சொல்கிறேன். ஐந்து கன்று போன பிறகு யாரோ சொன்ன பேச்சைக் கேட்டுப் பாத்தியைச் சுற்றிக் கொச்சிக்காய்த் தூள் தூவினேன். ஆனி மாதம், கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று அடிக்கிற காலம். நான் குனிந்து தூவ, காற்று அப்படியே தூக்கி என் முகத்தில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் கிணற்றடிக்குத் தட்டுத்தடுமாறி வந்து வாளித் தண்ணிக்குள் முகத்தை விட்டேன். வேலிக்கு அப்பால் நின்ற மச்சாள், “என்ன மச்சாள், நாய்க்குப் போட்டீங்களோ, உங்களுக்கே போட்டீங்களோ?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார், சிரிப்பு மட்டும் கேட்டது. கட்டையன் இரண்டு தும்மல் தும்மினான், அடுத்த பக்கத்தால் சுற்றிப் போய்த் தோண்டினான். அதோடு விட்டேன். காற்றில்லாத நாளிலும் இதைச் செய்யாதீர்கள். தூள் நாயின் பாதத்தில் ஒட்டும், அதை நக்கும், கண்ணைத் தேய்க்கும், எரிந்து துடிக்கும். அடுத்த மழைக்கோ அடுத்த தண்ணி ஊற்றுதலுக்கோ தூள் போய்விடும், துன்பம்தான் மிச்சம்.

உடுப்பு அலுமாரிக்குள் போடுகிற அந்துருண்டையைப் பாத்தியில் புதைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது நாய்க்கு நேரடி நஞ்சு. தேசிக்காய்த் தோலை வெட்டிப் போடுவதில் கெடுதல் இல்லை, சில நாய்க்கு அந்த வாசம் பிடிக்காது. ஆனால் கச்சான் காற்றில் அரை நாளில் தோல் காய்ந்து சருகாகிவிடும். கட்டையன் ஒன்றை எடுத்து விளையாடினான்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இது கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. மீன் புதைப்பதை நிறுத்தின பிறகும் கீரைப் பாத்தி கெட்டுக்கொண்டே இருந்தது. நான் காலையில் தண்ணி ஊற்றுகிறேன், பத்து மணிக்குப் பார்த்தால் முளைக்கீரையின் நடுவில் நாய் வடிவத்தில் ஒரு பள்ளம். ஒரு நாள் ஒளித்திருந்து பார்த்தேன். முற்றத்து மணல் கால் வைக்க முடியாத சூடு. கட்டையன் வந்தான், பாத்தி ஓரத்தில் நின்று மூக்கால் மண்ணைத் தொட்டான், முன்காலால் மேல்மண்ணை இரண்டு தரம் வழித்து எறிந்தான். அடியில் கறுத்த ஈர மணல் தெரிந்ததும் இரண்டு சுற்றுச் சுற்றி, வயிறு முழுக்க ஈரத்தில் படும்படி படுத்து, ஒரு பெருமூச்சு விட்டான். எனக்கும் அந்த இடத்தில் படுக்கத் தோன்றியது. வளவு முழுவதிலும் குளிர்ந்த இடம் என் கீரைப் பாத்தி ஒன்றுதான். அவன் வேறு எங்கே போவான்?

அதனால் அவனுக்கென்று ஒரு பள்ளம் செய்தேன். இதுவரை நான் செய்ததில் பலன் தந்தது இதுதான், எனவே விபரமாகச் சொல்கிறேன். மாமரத்தின் அடியில், நாள் முழுக்க நிழல் விழுகிற இடம். நாய் காலை நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு ஒரு சதுரம், முக்கால் அடி ஆழம். அடியில் பழைய உரப்பை ஒன்றை அங்கங்கே ஓட்டை போட்டு விரித்தேன், தண்ணி உடனே இறங்கிப் போகாமல் இருக்க. அதன் மேல் அரித்த மணல். கீரைக்கு ஊற்றும் முன் இதற்கு ஒரு வாளி. இந்த வரிசை முக்கியம்: முதலில் நாயின் பள்ளம், பிறகு பாத்தி. முதல் மூன்று நாள் அவித்த மீன் துண்டு, முள் எடுத்தது, அந்த மணலுக்குள் மேலாகப் புதைத்து வைத்தேன். தோண்டினான், தின்றான், அங்கேயே படுத்தான். நாலாம் நாள் மீன் இல்லாமலே போனான். தோண்டுகிற ஆசையும் அங்கே தீர்ந்துவிடுகிறது. இன்றைக்கும் கிழமையில் ஒரு நாள் எதையாவது அதற்குள் ஒளித்து வைப்பேன், இடத்தில் பிடிப்பு விட்டுப்போகாமல் இருக்க.

கூடவே பாத்தியில் படுப்பதைச் சுகமில்லாததாக்க வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் காசு தேவையில்லை, தேங்காய் உரித்த பொச்சு மட்டை இருக்கிறது. மட்டையின் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்க, செடிகளுக்கு இடையில் நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்குங்கள். நாய்க்குப் படுக்கவும் முடியாது, கிண்டவும் முடியாது. மண்ணின் ஈரமும் காயாது, எனக்கு இரண்டு நேரத் தண்ணி ஒரு நேரமாகக் குறைந்தது. நாற்றுப் பாத்தியில் மட்டை வைக்க இடம் இருக்காது. அங்கே கோழிக்கூட்டுக் கம்பி வலையைத் தட்டையாக விரித்து, ஓரத்தை மண்ணுக்குள் மடித்து, மேலே இரண்டு விரல் மண் போட்டு விதைத்தால் போதும். முளை கண்ணிக்குள்ளால் வரும், நாயின் நகம் வலையில் தட்டும். வெட்டின கம்பி முனைகளைக் கீழ்ப்பக்கம் வளைத்து விடுங்கள். தண்டு மொத்தமாகிக் கண்ணி இறுக்கும் முன் நாற்றைப் பிடுங்கி நட்டுவிட வேண்டும்.

வேலி போட்டால் பிரச்சினை தீராதா என்று கேட்பீர்கள். தீரும், ஆனால் செலவு. இங்கே பலர் பழைய மீன்வலையைக் கம்பில் கட்டிவிடுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும், ஆடு கோழிக்கும் காவல். ஒன்று கவனியுங்கள்: வலை தொய்ந்து தரையில் கிடந்தால் நாயின் கால் சிக்கும், பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும். நான் பார்த்த ஒரு வலையில் சாரைப் பாம்பு மூன்று நாளாகக் கிடந்தது. வலையை விறைப்பாகக் கட்டி, அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கிடுகு வைத்துக் கட்டுங்கள். கட்டையனைப் போல் குட்டைக் கால் நாய்க்கு இரண்டடி வேலி போதும். உயரமான நாய்க்கு மூன்றடிக்கு மேல் வேண்டும். தோண்டுகிற நாயென்றால் கம்பி வலையின் அடியை நாய் வருகிற பக்கமாக ஒரு அடி மடித்து மண்ணுக்குள் படுக்க வையுங்கள். நாய் வேலி ஓரத்தில்தான் கிண்டும், ஒரு முழம் தள்ளி நின்று கிண்டுகிற அறிவு அதற்கு வருவதில்லை.

தண்டைச் சப்புகிற குட்டிகளின் கதை வேறு. நாலு மாதத்துக்கும் ஏழு மாதத்துக்கும் இடையில் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் வரும், பல்முரசு அரிக்கும். அந்தக் காலத்தில் பப்பாசிக் கன்று, தண்ணிக் குழாய், செருப்பு எல்லாம் ஒன்றுதான். பழைய துவாய்த் துண்டொன்றை நனைத்து முறுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்துக் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பச்சைக் கரட்டும் நல்லது. அவித்த எலும்பு வேண்டாம், அது சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இதோடு ‘விடு’ என்ற ஒரு சொல்லைப் பழக்குங்கள். மகன்தான் கட்டையனுக்குப் பழக்கினான். பிஸ்கட் துண்டொன்றைக் கைக்குள் பொத்தி நாயின் மூக்குக்கு நேரே பிடிக்க வேண்டும். அது நக்கும், பிறாண்டும், நீங்கள் பேசாமல் இருங்கள். சலித்து முகத்தைத் திருப்புகிற நொடியில் ‘விடு’ என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். பொத்தின கையில் இருப்பதைக் கொடுக்கவே கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு தரம், ஐந்து நிமிடம். பிறகு பிஸ்கட்டை நிலத்தில் வைத்து, அப்புறம் பாத்தி ஓரத்தில். கட்டையன் மூன்று கிழமையில் பழகினான், வயது போன நாய்க்குக் கூடுதல் காலம் எடுக்கலாம். செடியைப் பிடுங்கி அரை மணி கழித்து அடிப்பதால் எதுவும் நடக்காது. அடி விழுவது எதற்கென்று நாய்க்குத் தெரியாது, உங்களைக் கண்டு பயப்பட மட்டும் பழகும். முதல் நாள் நான் போட்ட அடி அந்த வகைதான்.

புல் தின்பதைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நல்ல சுகமான நாயும் அறுகம்புல் தின்னும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கால்நடை ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், தின்னும் முன் சுகவீனமாகத் தெரிந்த நாய்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, தின்ற பிறகு வழக்கமாகச் சத்தி எடுப்பவை நாலில் ஒன்றுக்கும் குறைவு. எனவே வளவில் ஒரு மூலையில் மருந்தடிக்காத அறுகை அதற்கென்று விட்டுவிடுங்கள். திடீரென்று மண்ணையும் புல்லையும் அள்ளி அள்ளித் தின்றால், மெலிந்தால், அடிக்கடி சத்தி எடுத்தால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். பூச்சிக் குளிசை வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம். வெறும் சோறும் ஆணமும் மட்டும் ஊற்றினால் நாய் வேறு எதையாவது தேடத்தான் செய்யும். அவித்த பூசணியும் மீனும் கொஞ்சம் சேருங்கள்.

கடைசியாக நஞ்சு. இதில் நாய் செடியைக் கெடுக்கவில்லை, செடி நாயைக் கெடுக்கும். அலரியும் மஞ்சள் அலரியும் இதயத்தைத் தாக்கும், இலை, பூ, கொட்டை எதுவும் விலக்கில்லை. ஆமணக்கு விதை, குண்டுமணி, ஊமத்தை, கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கு, அழகுக்கு வைக்கிற சைக்கஸ், எல்லாமே கொல்லக்கூடியவை. குட்டி உள்ள வீட்டில் இவற்றை வெளிவேலிக்கு அப்பால் வையுங்கள். மணிபிளான்ட் கடித்தால் வாய் எரிந்து வீணி வடியும், கற்றாழை சத்தியும் வயிற்றோட்டமும் தரும். மரவள்ளியின் பச்சை இலையும் தோலும் ஆகாது. எங்கள் ஊரில் விறாந்தையில் காயப்போடுகிற சின்ன வெங்காயத்தையும் கவனியுங்கள், வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். யூரியா உரப்பை, நத்தைக்கு வைக்கும் குளிகை, எலிப் பாசாணம், மூன்றையும் பூட்டி வையுங்கள். எதையாவது தின்றுவிட்டது என்று சந்தேகப்பட்டால் உப்புத் தண்ணி, தேங்காய்ப்பால், புளிக் கரைசல் என்று வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அது மூச்சுக்குழாய்க்குள் போகும். தின்ற செடியில் ஒரு கொப்பை முறித்துப் பையில் போட்டுக்கொண்டு நாயோடு வைத்தியரிடம் ஓடுங்கள். செடி எது என்று தெரிந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஐப்பசி மழை தொடங்கினால் கட்டையனின் பள்ளத்தில் தண்ணி நிற்கும், அவனுக்கும் குளிர்ச்சி தேவைப்படாது. அப்போது மணலை அள்ளித் தாழ்வாரத்தின் கீழ் உயரமாகப் போடுகிறேன், உலர்ந்த மணலில் சுருண்டுகொள்வான். மிஞ்சின மட்டைக் குவியலை அந்த மாதங்களில் வீட்டோடு ஒட்டி வைப்பதில்லை, பாம்பு ஒதுங்கும். இந்த வருடம் கத்தரி பதினெட்டும் நிற்கிறது. கொய்யாவில் மட்டும் ஒரு பங்கு போட்டுக்கொண்டோம்: கீழே விழுந்தது அவனுக்கு, கொப்பில் நிற்பது எங்களுக்கு. போன கிழமை முன்கால் இரண்டையும் மரத்தில் வைத்து நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ‘விடு’ என்றேன். இறங்கினான், பழம் விழும்வரை அடியிலேயே படுத்திருந்தான்.